ஸ்டார் போட்டாச்சு, கேக் சொல்லியாச்சு, களை மட்டும் வரவில்லையே என்று கேட்டவருக்கு

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வீடு. பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. பால்கனியில் ஸ்டார் எரிகிறது, ஆன்லைனில் வாங்கிய மரம் நிற்கிறது, கேக்குக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. இருந்தும் வீட்டில் கிறிஸ்துமஸ் களையே இல்லை, பிள்ளைகள் போனைத்தான் பார்க்கிறார்கள், இன்னும் என்ன வாங்கினால் சரியாகும் என்று கேட்கிறார். கூடவே இரண்டு கேள்விகள்: சாண்டா நிஜம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? கணவருக்கு 24-ஆம் தேதி இரவு ஷிப்ட், அதை எப்படிச் சமாளிப்பது?

எனக்கென்னவோ உங்கள் கேள்வி என்ன வாங்குவது என்பதில் இல்லை என்று படுகிறது. ஊரில் பண்டிகையை உங்கள் அம்மா தனியாகச் செய்யவில்லை. தெரு செய்தது, சபை செய்தது, ஆச்சியும் சித்திமாரும் பலகாரம் சுட்டார்கள், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் பையன்கள் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள். இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலையை நான் ஒருத்தி எட்டாவது மாடியில் எப்படிச் செய்வேன் என்பதுதான் நீங்கள் கேட்பது. அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு அத்தனையும் தேவைப்படாது.

நான் பாளையங்கோட்டையில் மழலையர் வகுப்பு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் மிகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பும் பல வருடங்களாக என் பொறுப்பு. மனநல நிபுணர் இல்லை. நான் சொல்வதில் பெரும்பகுதி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்தது, கொஞ்சம் பயிற்சியில் படித்தது. நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை, அதனால் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கம் இரண்டிலும் உள்ள வழக்கங்களைக் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஐந்து வயதை நினைத்துப் பாருங்கள். ஆச்சி வீட்டில் நீங்கள் பண்டிகையை உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்க மாட்டீர்கள். முந்திரிக்கொத்துக்கு வறுத்த பயற்றை அள்ளி வாயில் போட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள், தட்டு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பீர்கள், ஸ்டாருக்குப் பேப்பர் ஒட்டும் அண்ணனுக்குப் பசை எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் ஸ்டார், மரம், கேக் மூன்றும் முடிந்த நிலையில் பெட்டியில் வந்தவை. பிள்ளைகளின் கைக்கு அதில் வேலை இல்லை. கைக்கு வேலை இல்லாத பிள்ளை போனைத்தான் கேட்கும். நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள், அதையும் ஒரே நாளில் கொட்டாமல் தினம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

இரண்டரை வயதுக்கு 'இன்னும் இருபது நாள்' என்றால் ஒன்றும் விளங்காது. ஐந்து வயதுக்கு எண்ணத் தெரியும், ஆனால் அந்த நீளம் பிடிபடாது. நாளைக் கண்ணால் பார்க்கும்படி செய்துவிட்டால் இருவருக்கும் புரியும். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோகான் வீகர்ன் என்ற லூத்தரன் போதகருக்கும் இதே தொல்லைதான். பிள்ளைகள் தினமும் 'இன்றைக்கா கிறிஸ்துமஸ், நாளைக்கா' என்று நச்சரிக்க, அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று நம் ஆலயங்களில் வைக்கும் திருவருகைக் கால வளையம் அந்தச் சக்கரத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறில், அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் ஏதாவது ஒரு நாளில் தொடங்கும்.

உங்கள் வீட்டுக்குச் சக்கரமும் வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம். கலர் பேப்பரைப் பட்டையாக வெட்டி, 25 வரை எத்தனை நாள் மீதியோ அத்தனை வளையமாகக் கோத்துச் சங்கிலியாக ஒட்டுங்கள். வெட்டுவது பெரியவள், பசை தடவுவது சின்னவன். தினம் மாலை ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும், இன்றைக்கு ஒருவர், நாளைக்கு மற்றவர். ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு சின்ன வேலையை எழுதி வைக்கலாம்: தாத்தாவுக்கு அட்டை செய்வது, பழைய பொம்மைகளில் ஒன்றைக் கொடுக்க எடுத்து வைப்பது, ஸ்டார் ஒளியில் உட்கார்ந்து சாப்பிடுவது. உங்களுக்கு அலுவலகத்தில் வேலை நெரிக்கும் நாளுக்கு 'ஒரு பாட்டு' என்று மட்டும் எழுதிவிடுங்கள். நாளுக்கு ஒரு குட்டிக் கதவும் அதற்குள் ஒரு சாக்லேட்டுமாகக் கடையில் விற்கும் சாக்லேட் நாள்காட்டி தவறில்லை, ஆனால் முதல் மூன்று நாளிலேயே எல்லாக் கதவும் திறந்துவிடும்.

அடுத்தது குடில், அதாவது இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைப்பது. ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் நான் மரத்தை விட்டுவிட்டுக் குடிலைச் செய்யச் சொல்வேன். மரத்தில் ஒருமுறை தொங்கவிட்டதைப் பிறகு தொடாதே என்கிறோம். குடிலில் ஆட்டை நகர்த்தலாம், மேய்ப்பனோடு பேசலாம், கழுதையைத் தூங்க வைக்கலாம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலை ஊரில் அசிசியின் பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து முதல் குடில் காட்சியை அமைத்தது, ஏழை மக்கள் அந்தப் பிறப்பைக் கண்ணால் காணட்டும் என்பதற்காகத்தான். நம் பிள்ளைகள் அதைக் கையாலும் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் விலை உயர்ந்த பீங்கான் செட்டைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வாங்கி வைத்துவிட்டுக் காவல் காக்காதீர்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி தொழுவம், பாதித் தேங்காய்ச் சிரட்டை முன்னணை (குழந்தையைக் கிடத்திய தீவனத் தொட்டி), வைக்கோல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார். ஆட்கள் களிமண்ணிலோ மைதா மாவும் உப்பும் பிசைந்த மாவிலோ. ஆட்டுக்கு மூன்று கால் இருந்தாலும் திருத்தாதீர்கள்.

குடிலுக்கு முன்னால் பச்சை வேண்டும். ஊரில் முளைப்பாரி பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். கேழ்வரகையோ கோதுமையையோ ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் தென்னை நார்த்தூளோ ஈரப் பஞ்சோ பரப்பி அதன்மேல் நெருக்கமாகத் தூவி, முளை விடும்வரை இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தினம் நீர் தெளித்தால் ஒரு வாரம், பத்து நாளில் விரல் உயரம் வந்துவிடும். பெங்களூர் டிசம்பர் குளிரில் கொஞ்சம் மெதுவாகவே வளரும், அதனால் 13, 14 வாக்கில் ஊறப்போடுங்கள். நீர் தெளிப்பது சின்னவன் வேலை. காலையில் எழுந்ததும் அவன் போனைத் தேடாமல் அந்தத் தட்டைப் பார்க்க ஓடுவான். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான் பார்ப்பது இது.

குழந்தை இயேசுவை இப்போதே முன்னணையில் வைக்காதீர்கள். ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, 24 இரவு வீட்டின் மிகச் சின்ன ஆளின் கையால் வைக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்க வீடுகளில் பல தலைமுறைகளாக இருக்கும் வழக்கம் இது, மற்றவர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சாஸ்திரிகளையும், அதாவது நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த மூன்று ராஜாக்கள் என்று நாம் சொல்பவர்களையும், தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டின் ஆகத் தூரமான மூலையில், துணி துவைக்கும் மெஷின் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து புறப்படட்டும். தினம் ஒரு முழம் நகர்த்த வேண்டியது பெரியவள் பொறுப்பு. பிரிட்ஜ் மேலே ஒரு நாள், புத்தக அலமாரியில் ஒரு நாள், ஜன்னலில் ஒரு நாள் என்று வந்து ஜனவரி 6 அன்று குடிலைச் சேர்வார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் அன்றுதான். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே வீடு வெறிச்சென்று ஆகிவிடாமல் இருக்கவும் இது உதவும்.

கதை சொல்லும்போது சில விஷயங்களில் நீங்கள் தெளிவாக இருப்பது நல்லது, ஏனென்றால் ஐந்து வயது கேள்வி கேட்கும். முன்னணையும் மேய்ப்பர்களும் லூக்கா சுவிசேஷத்தில் வருகிறார்கள். சாஸ்திரிகளும் நட்சத்திரமும் மத்தேயு சுவிசேஷத்தில். சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு என்றே அங்கே இருக்கிறது. மாடும் கழுதையும் இரண்டு சுவிசேஷங்களின் பிறப்புக் கதையிலும் இல்லை, பிற்காலத்தவர் சேர்த்தது. டிசம்பர் 25 என்ற தேதியும் வேதத்தில் கிடையாது. 354-ஆம் ஆண்டின் ஒரு ரோமானிய நாள்காட்டித் தொகுப்பில்தான் அது எழுத்தில் தெரிகிறது. இதற்காக மாட்டைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியதில்லை. கேட்டால் 'கதையில் பிறகு சேர்ந்துகொண்டது' என்று சொல்லுங்கள், பிள்ளைகள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏரோது குழந்தைகளைக் கொன்ற பகுதியை மட்டும் இந்த வயதில் சொல்லாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரு நல்ல செயலுக்கு ஒரு வைக்கோல் என்று முன்னணையில் போடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்றாம் நாளே அது யார் அதிகம் போட்டது என்ற கணக்குச் சண்டையாகிவிடும்.

பலகாரத்துக்கு வருவோம். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் நீங்கள் சுடலாம், ஆனால் இரண்டுமே கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் நின்று செய்வது, பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்களுக்கென்று ஒன்று வேண்டும் என்றால் கல்கல். கால் கிலோ மைதா, இரண்டு கைப்பிடி ரவை, முக்கால் கப் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய். இதைத் தேங்காய்ப்பால் விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பலர் முட்டை சேர்ப்பார்கள், பிள்ளைகள் பச்சை மாவை வாயில் போடுவார்கள் என்பதால் நான் சேர்ப்பதில்லை. பச்சை மாவும் நல்லதில்லைதான், கண் வைத்திருங்கள். கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் முதுகில் வைத்து விரலால் அழுத்தி இழுத்தால் சிப்பி போலச் சுருளும். புதுச் சீப்பிலும் செய்யலாம். ஐந்து வயதுக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிடும், இரண்டரை வயது உருண்டை மட்டும் உருட்டும், அதுவும் கோணலாக. கோணலானவற்றையும் பொரியுங்கள். பொரிக்கும் வேலை அவர்கள் தூங்கிய பிறகு. காலையில் டப்பாவைத் திறந்து 'இது நான் செஞ்சது' என்று தன் கோணல் உருண்டையை அடையாளம் காட்டும்போது நீங்கள் கேட்ட களை என்னவென்று தெரியும்.

கேக் நீங்களே செய்வதாக இருந்தால் பழங்களை ரம்மில் ஊறவைக்காமல் ஆரஞ்சுச் சாற்றில் ஓர் இரவு பிரிட்ஜில் வைத்தால் போதும். வேகும்போது ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது சரியில்லை, ஒரு பங்கு தங்கிவிடும். முழு முந்திரி, பாதாமைச் சின்னவனுக்குக் கொடுக்க வேண்டாம், பொடித்துப் போடுங்கள்.

பாட்டு என்பதற்கு ஸ்பீக்கர் வேண்டாம். தினம் இரவு ஒரே நேரம், பெரிய விளக்கை அணைத்து ஸ்டாரை மட்டும் எரியவிட்டு, நீங்கள் வாயால் ஒரே பாட்டைப் பாடுங்கள். நேற்றுப் பாடியதையே இன்றும் பாடுங்கள். நமக்குச் சலித்துப்போகும், பிள்ளைகளுக்குச் சலிக்காது, அடுத்து என்ன வரும் என்று தெரிவதுதான் அவர்களுக்குச் சுகம். குரல் நன்றாக இல்லை என்று தயங்க வேண்டாம், இந்த வயதில் அவர்கள் தாளத்தைத்தான் பிடிப்பார்கள். கீர்த்தனை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் கொஞ்சம் காதில் விழும், பெங்களூரில் அதுவும் ஒரு லாபம்.

இங்கே தெரு இல்லையே என்பீர்கள். பெங்களூரில் தமிழ் ஆராதனைக்குப் பஞ்சமில்லை, சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்த் திருப்பலியே உண்டு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரு என்பது அந்த மாடியின் நான்கைந்து கதவுகள்தான். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து உங்களுக்குத் தட்டு வந்திருக்கும். 24 மாலை கல்கல்லும் கேக்கும் வைத்த தட்டை மூடி, அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடிக்கொண்டே பிள்ளைகள் இருவரும் ஒவ்வொரு கதவாகத் தட்டட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள், முன்னால் போகாதீர்கள். கேரல் ரவுண்ட்ஸ் வருமா என்று காத்திருந்த வீடு அன்றைக்குக் கேரல் ரவுண்ட்ஸ் போகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் காகித ஸ்டார் செய்யவிட்டால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் போனால் பசை தரையில்தான் இருக்கும்.

சாண்டா விஷயத்தில் ஒரே பதில் கிடையாது. விளையாட்டாக நம்ப வைப்பதால் பிள்ளைகளுக்குக் கெடுதல் வரும் என்றும் சொல்வதற்கில்லை, அவசியம் என்றும் சொல்வதற்கில்லை. என்னோடு ஞாயிறு வகுப்பு எடுப்பவர்களிடையேகூட இதில் ஒத்த கருத்து இல்லை. சாண்டா கதைக்கு மூலமான நிக்கோலா என்ற பிஷப் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரில் வாழ்ந்தவர், அவருடைய திருநாள் டிசம்பர் 6. வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களுக்காக ராத்திரியில் ரகசியமாகப் பணம் போட்டார் என்பது மரபுக் கதை. நான் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லி, 'அவரைப் போல ஆட்கள் வேஷம் போட்டு வருவார்கள்' என்பதோடு நிறுத்துவேன். 'நல்ல பிள்ளையாக இருந்தால்தான் சாண்டா தருவார்' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒருவன் சைக்கிள் கிடைத்தது என்பான், இன்னொருவனுக்குப் பென்சில் டப்பா கிடைத்திருக்கும். அப்படியென்றால் நான் கெட்ட பையன் என்று அந்தப் பிள்ளை தானாக முடிவுக்கு வந்துவிடும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டால் இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் அலறுவது இயல்பு. மடியில் உட்காரவைத்துப் படம் எடுக்க வற்புறுத்தாமல், முகமூடியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய இன்னும் இரண்டு விஷயம். பெரியவர்களில் அநேகருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் நிற்பதில்லை. ஆகவே சின்னவன் இந்தக் கிறிஸ்துமஸைப் பெரும்பாலும் மறந்துவிடுவான். அவனுக்கு இன்றைய சந்தோஷம் இருந்தால் போதும், படம் எடுப்பதற்காக அவனை நிற்க வைத்து அழவிட வேண்டாம். மற்றது, இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்று மாமியார்கள் சொல்வது. 1995-இல் இது குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அப்படி விளைவு எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அவர்கள் துள்ளுவதும் அழுவதும் கூட்டத்தாலும் மதியத் தூக்கம் போவதாலும் என்பது என் அனுமானம். பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், தூக்கத்தை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பில் மூன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காகித ஸ்டாருக்குள் பழைய குண்டு பல்ப் போடாதீர்கள், சின்ன எல்.இ.டி. போதும். பனிக்காகப் பஞ்சு பரப்பிய குடிலில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. மூன்றாவதுதான் மிக முக்கியம்: பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை, குட்டி விளக்கு போன்றவற்றில் பொத்தான் பேட்டரி இருக்கலாம். பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. ஸ்க்ரூ போட்டு மூடாத எந்தப் பொம்மையும் சின்னவன் கைக்குப் போக வேண்டாம்.

கடைசியாக உங்கள் கணவரின் ஷிப்ட். நள்ளிரவு ஆராதனைக்கோ விடியற்காலை நான்கு மணி ஆராதனைக்கோ இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தனியாக எழுப்பிக் கூட்டிப்போவது வீரம்தான், ஆனால் அன்று முழுவதும் வீடு அழுதுகொண்டிருக்கும். 24 மாலையிலேயே ஆராதனை இருக்கும் ஆலயத்துக்கோ 25 காலை எட்டு, ஒன்பது மணி ஆராதனைக்கோ போங்கள். குழந்தை இயேசுவை வைப்பதை அவர் வேலைக்குக் கிளம்பும் முன் மாலையிலேயே செய்துவிடுங்கள். பரிசு, புதுத்துணியோடு படம், பிரியாணி எல்லாம் அவர் தூங்கி எழுந்த பிறகு 25 மதியம் இரண்டு மணிக்கு. பிள்ளைகள் கேட்டால் கடைசி வளையத்தைக் காட்டி, 'இதை அப்பா எழுந்ததும் கிழிக்கணும்' என்று சொல்லுங்கள், காத்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது கடிகாரத்தை இல்லை, சங்கிலியைத்தான்.